மண்டையில் எங்கே தடுக்கிறது? மனநலச் சிக்கல் உள்ள குழந்தைகளும் நரம்பு உளவியல் சோதனையும்

"எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் மண்டையில ஏற மாட்டேங்குது டாக்டர்." குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பிறகு ஒவ்வொன்றாக வரும். ராத்திரி கடகடவென்று ஒப்பித்தான், காலையில் கேட்டால் முழிக்கிறான். போர்டில் இருப்பதில் பாதியைத்தான் எழுதி வருகிறான். பரீட்சை என்றால் வயிற்றுவலி. பள்ளி வேன் வரும் நேரத்தில் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான். சில வீடுகளில் இது ஆறு மாதக் கதை. சில வீடுகளில் எல்.கே.ஜி.யிலிருந்தே உள்ள கதை.

கவனக்குறைவா, மனச்சோர்வா, பதற்றமா, கற்றல் குறைபாடா, வெளியே சொல்ல முடியாத ஏதோ ஒன்றா? எதுவாக இருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: மதிப்பெண் இறங்குகிறது, பிள்ளை ஒடுங்குகிறது. நரம்பு உளவியல் சோதனை இந்த இடத்தில்தான் வருகிறது. "ஏறவில்லை" என்ற சொல்லை எடுத்து, எந்தப் படியில் தடுக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வேலை அது.

எப்படிப் பிரிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சோதனையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ஜெனீவாவில் பணியாற்றிய ஆந்த்ரே ரே என்ற உளவியலாளரின் பெயரால் வழங்கும் சொற்பட்டியல் சோதனை அது. 15 சாதாரணச் சொற்களைச் சோதிப்பவர் நிதானமாக வாசிப்பார். நினைவில் நின்றவற்றைக் குழந்தை எந்த வரிசையிலும் திருப்பிச் சொல்லலாம். அதே பட்டியலை 5 முறை வாசிப்பார்கள். 5 முறையும் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் குறுக்கே வேறொரு பட்டியல். அது முடிந்ததும், "முதல்ல ஒண்ணு படிச்சோமே, அதைச் சொல்லு" என்பார். அரைமணி நேரம் வேறு வேலைகள் கொடுத்துவிட்டு மறுபடியும் அதையே கேட்பார். கடைசியாக, பட்டியலில் இருந்த சொற்களையும் இல்லாத சொற்களையும் கலந்து வாசித்து, "இது அதுல இருந்துச்சா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

நான்கு குழந்தைகளை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் குழந்தை முதல் முறை 4 சொல்தான் சொல்கிறது; ஐந்தாவது முறை 12; அரைமணி கழித்தும் அதே 12. இதற்கு மெதுவாக ஏறுகிறது, ஏறினால் இறங்குவதில்லை. நாலு தடவை சொல்லிக்கொடுக்கும் பொறுமை வாய்த்தால் போதும். இரண்டாவது குழந்தை முதல் முறையே 8 சொல்கிறது, ஐந்தாவது முறையும் 8. தொடக்கம் நன்றாக இருந்தும், திரும்பக் கேட்பதால் அதற்கு எதுவும் கூடவில்லை. கவனம் நடுவில் நழுவியிருக்கலாம், அல்லது பழமெல்லாம் ஒரு பக்கம், பாத்திரமெல்லாம் ஒரு பக்கம் என்று மனத்துக்குள் அடுக்கிக்கொள்ளும் உத்தி கைவராமல் இருக்கலாம். மூன்றாவது குழந்தை ஐந்தாவது முறை 12 சொல்லியது. அரைமணி கழித்து 3. கலந்து வாசித்தாலும் எது பழையது, எது புதியது என்று அதற்குத் தெரியவில்லை. இங்கே சோதிப்பவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். கற்றது தங்காமல் போவது மூளையின் பொட்டுப் பகுதி (காதை ஒட்டிய பக்கவாட்டுப் பகுதி) சார்ந்த வலிப்பு உள்ளிட்ட உடல் காரணங்களையும் தேடச் சொல்லும் அறிகுறி. நான்காவது குழந்தையும் அரைமணி கழித்து 3 சொல்தான் சொல்கிறது. ஆனால் கலந்து வாசித்தால் 15-ல் 14 சொற்களைச் சரியாக அடையாளம் காட்டுகிறது. எல்லாம் உள்ளே இருக்கிறது. தேடி எடுத்து வெளியே கொண்டுவர முடியவில்லை. மனச்சோர்விலும் கடும் பதற்றத்திலும் கவனக்குறைவுக் கோளாறிலும் அடிக்கடி பார்க்கக்கூடிய வடிவம் இது. இந்தப் பிள்ளை கோடிட்ட இடத்தைச் சரியான விடையால் நிரப்பும்; பத்து மதிப்பெண் வினாவுக்கு வெற்றுத்தாளைக் கொடுக்கும்.

நால்வரைப் பற்றியும் வீட்டில் சொன்னது ஒரே வாக்கியம்: மண்டையில் ஏறவில்லை. நான்காவது பிள்ளைக்கு அது பொய். மூன்றாவது பிள்ளையின் காரியத்தில் அந்த வாக்கியத்தோடு நின்றுவிடுவது ஆபத்து. இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து எவரும் முடிவு சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு மதிப்பெண்ணுக்குள் எத்தனை கதைகள் ஒளிந்திருக்க முடியும் என்பதை இது காட்டிவிடுகிறது.

தோற்கும் விதம்

நரம்பு உளவியல் சோதனை என்றதும் தலையில் கம்பி மாட்டுவார்கள் என்று பயப்படும் பெற்றோர் உண்டு. ஊசி கிடையாது, ஸ்கேன் கிடையாது. ஒரு மேசை, பென்சில், வண்ணக் கட்டைகள், படங்கள், சீட்டுகள், ஒரு நிறுத்துக் கடிகாரம், எதிரே பயிற்சி பெற்ற ஒருவர். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். இரண்டு மூன்று அமர்வுகளாகப் பிரிப்பது நல்லது. மனச்சோர்வையோ பதற்றத்தையோ கவனக்குறைவையோ எம்.ஆர்.ஐ. படத்தில் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி இன்றுவரை இல்லை. மூளை எப்படி இருக்கிறது என்பதைப் படம் காட்டும். மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை அதற்கு வேலை கொடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்க்கும் திறன்கள் பல: கவனம், செயல்படு நினைவு (ஒன்றை மனத்தில் பிடித்து வைத்தபடியே வேலை செய்வது), வேகம், மொழி, கண்ணால் கண்டதைக் கையால் செய்வது, திட்டமிடல், அடக்கிக்கொள்ளும் திறன், பிறர் மனநிலையை ஊகிப்பது. அடக்கிக்கொள்ளும் திறனைச் சோதிக்கும் விளையாட்டு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. படிக்கத் தெரியாத சிறு குழந்தைகளுக்கானது. சூரியன் படத்தைக் காட்டினால் "ராத்திரி" என்று சொல்ல வேண்டும். நிலாப் படத்துக்கு "பகல்". முதல் நாலைந்து சீட்டுக்குச் சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்லும் குழந்தை, பத்தாவது சீட்டில் நாக்கின் நுனிக்கு வந்துவிட்ட விடையை விழுங்கத் திணறுவதைப் பார்க்கலாம். வகுப்பில் "கேள்வி முடியறதுக்குள்ள கத்தறான்" என்று புகார் வாங்கும் பிள்ளையின் உள்ளே நடக்கும் போராட்டம் அந்தச் சில நொடிகளில் தெரியும்.

இந்தத் துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் முக்கியமானவர் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா. இரண்டாம் உலகப் போரில் தலையில் குண்டுக்காயம் பட்ட வீரர்களோடு வேலை செய்தவர். எத்தனை தவறு என்று எண்ணுவதைவிட எப்படித் தவறினார் என்று பார்க்கச் சொன்னவர். பின்லாந்தின் மாரித் கோர்க்மன் அந்த வழியில் குழந்தைகளுக்கென்றே உருவாக்கிய நெப்சி சோதனைத் தொகுதி இன்று பல நாடுகளில் புழங்குகிறது.

ரே 1941-இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில் இந்தத் தவறும் விதத்தை நேரடியாகக் காணலாம். பெட்டி, குறுக்குக்கோடுகள், முக்கோணம், சின்ன வட்டம் என்று 18 உறுப்புகள் கொண்ட சிக்கலான ஒரு கோட்டுப்படம். பார்த்து வரைய வேண்டும். மொத்தம் 36 மதிப்பெண். வரைய வரையச் சோதிப்பவர் குழந்தையின் கையில் உள்ள பென்சிலை மாற்றிக்கொண்டே இருப்பார்: முதலில் நீலம், அப்புறம் பச்சை, அப்புறம் சிவப்பு. முடிந்த பிறகு நிறங்களைப் பார்த்தால் எதை முதலில் போட்டது, எதைக் கடைசியில் போட்டது என்று தெரிந்துவிடும். ஒரு பிள்ளை பெரிய பெட்டியை முதலில் போட்டு, பிறகு உள்ளே நிரப்புகிறது. இன்னொரு பிள்ளை மூலையில் இருக்கும் சின்ன வட்டத்தில் தொடங்கி, ஒட்டியிருப்பதை ஒட்டியிருப்பதாகத் தொடுத்துக்கொண்டே போய், கடைசியில் இடம் பற்றாமல் தாளின் ஓரத்தில் இடிக்கிறது. புள்ளி வைக்காமலே சிக்குக்கோலத்தை ஒரு முனையிலிருந்து இழுப்பதைப் போல. இரண்டும் 30 மதிப்பெண் வாங்கலாம். ஆனால் நீண்ட கட்டுரை எழுதும்போதும், பை அடுக்கும்போதும், நாளைய பரீட்சைக்கு எதை முதலில் படிப்பது என்று முடிவு செய்யும்போதும் இரண்டாவது பிள்ளை படும் பாடு முதல் பிள்ளைக்குத் தெரியாது.

எண்ணின் வரலாறு

நம் ஊரில் "ஐக்யூ டெஸ்ட்" என்று சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது. ரிப்போர்ட் கையில் வந்ததும் முதலில் தேடுவதும் அந்த எண்ணைத்தான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதற்கு எவ்வளவு மரியாதை கொடுக்கலாம் என்பதும் தெரியும்.

1904-இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. சாதாரண வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக் கல்வி தர வழி கேட்டது. அதற்காக ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோன் இருவரும் 1905-இல் 30 வினாக்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். உதவி யாருக்குத் தேவை என்று கண்டுபிடிப்பது மட்டுமே அதன் நோக்கம். அறிவு பிறப்பிலேயே அளந்து வைத்த மாறாத ஒன்று என்று சொன்னவர்களைப் பினே 1909-இலேயே கடுமையாக எதிர்த்தார். பயிற்சியால் கவனமும் நினைவும் வளரும் என்று எழுதினார். அவர் 1911-இல் இறந்தார். மன வயதை உண்மை வயதால் வகுக்கும் ஈவை 1912-இல் முன்வைத்தவர் ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன். 1916-இல் ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன் அதை அமெரிக்கா முழுக்கப் பரப்பினார். உதவிக்கான கருவி தரம் பிரிக்கும் முத்திரையாக மாறியதை எதிர்க்கப் பினே அப்போது உயிரோடு இல்லை.

இந்தியாவில் வி.வி. காமத் 1934-இல் பினே சோதனையைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் தகவமைத்தார். பினே–காமத் என்ற பெயரில் இன்றும் நம் மருத்துவமனைகளில் அது பயன்படுகிறது. டேவிட் வெக்ஸ்லர் 1949-இல் குழந்தைகளுக்காக உருவாக்கிய அளவுகோலை நாக்பூரில் ஏ.ஜே. மாலின் 1969-இல் இந்தியக் குழந்தைகளுக்கென மாற்றினார். மிசிக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இரண்டும் அந்தக் காலத்துக்குப் பெரும் உழைப்பு. ஆனால் சராசரி எது என்று முடிவு செய்ய அன்று சோதித்துப் பார்த்த குழந்தைகள் இன்று தாத்தா பாட்டிகள், அல்லது அதற்கும் மேலானவர்கள். ஒவ்வொரு பத்தாண்டிலும் சராசரி மதிப்பெண் சுமார் 3 புள்ளி உயர்ந்து வந்ததை அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு ஜேம்ஸ் ஃபிளின் 1984-இல் காட்டினார். பழைய அளவுகோலில் இன்றைய குழந்தையை நிறுத்தினால் அது உண்மையைவிட உயரமாகத் தெரியும் வாய்ப்பு உண்டு. ஏதோ புள்ளிவிவரக் குறிப்பு போலத் தோன்றலாம். 70 என்ற கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் உதவி என்ற நிலையில், 74 என்று வந்துவிட்ட குழந்தையின் தாயிடம் கேட்டால் இதன் கனம் தெரியும்.

எண்ணைப் பற்றி இன்னும் ஒன்று. சராசரி 100, மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் நடுவே வருவார்கள். எந்த எண்ணும் ஒரு புள்ளியாக வருவதில்லை, ஒரு வரம்பாக வருகிறது. 92 என்றால் ஏறக்குறைய 87 முதல் 97 வரை என்று படிக்க வேண்டும். அதைவிட முக்கியம், அது எதன் சராசரி என்பது. 2014-இல் வந்த வெக்ஸ்லர் ஐந்தாம் பதிப்பு ஐந்து தனித்தனிக் குறியீடுகள் தருகிறது: சொல்லறிவு, காட்சி–இடத் திறன், புதுச் சிக்கலைத் தீர்க்கும் திறன், செயல்படு நினைவு, வேகம். ஒரு சிறுமி சொல்லறிவில் 120, வேகத்தில் 76 என்று எடுத்தால், இரண்டையும் கலந்து "சராசரி" என்று எழுதுவது அவளைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதற்குச் சமம். அவள் வகுப்பில் எல்லாருக்கும் முன்பு விடை சொல்வாள், பரீட்சையில் பாதித் தாளை எழுதாமல் வருவாள். "தெரிஞ்சும் எழுதலை, திமிர்" என்று அடி வாங்குவாள்.

தமிழ்க் குழந்தை எந்த மொழியில் எண்ணுகிறது?

செயல்படு நினைவைச் சோதிக்க எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். முதலில் நேராக, பிறகு தலைகீழாக. எளிய சோதனைதான். ஆனால் சுமார் 2 நொடிக்குள் மனத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடிய அளவைத்தான் நாம் காதில் பிடித்து வைத்துக்கொள்கிறோம் என்பது நினைவு ஆய்வுகளின் பழைய முடிவு. 1980-இல் எல்லிஸ், ஹென்னெலி என்ற இருவர் வேல்ஸ் நாட்டு இருமொழியாளர்களிடம் ஒன்றைக் கவனித்தார்கள். வெல்ஷ் எண்களைச் சொல்ல ஆங்கில எண்களைவிட அதிக நேரம் ஆகிறது. அதனாலேயே வெல்ஷில் சோதித்தால் மதிப்பெண் குறைந்தது. மூளை அதே மூளை, சொல் மட்டும் நீளம்.

இப்போது நம் எண்களைச் சொல்லிப் பாருங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது. பேச்சுத்தமிழில் குறுக்கிய பிறகும் ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு அசை. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை செவன் ஒன்றுதான் இரண்டு அசை. தமிழில் எண்களைச் சொல்லிவிட்டு ஆங்கிலக் குழந்தைகளின் அட்டவணையில் மதிப்பெண்ணைத் தேடினால் நம் குழந்தைக்கு அநியாயம் நேரலாம். எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு: மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு எண் ஆங்கிலத்தில்தான் வரும், அழுகை தமிழில் வரும். எந்த மொழியில் சோதித்தார் என்று ரிப்போர்ட்டில் எழுதாத சோதனையாளரிடம் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

வாசிப்புச் சோதனையில் இது இன்னும் கூர்மையாகிறது. வீட்டில் "வந்துருச்சு", புத்தகத்தில் "வந்துவிட்டது". ஒரே க என்ற எழுத்து, "கடல்" என்பதில் ஓர் ஒலி, "தங்கம்" என்பதில் வேறு ஒலி, "மகன்" என்பதில் இன்னொன்று. 247 எழுத்துகள் பழகப் பல ஆண்டு ஆகும். ஆங்கிலத்தில் வாசிப்புக் குறைபாட்டைக் காட்டும் தவறு தமிழில் வேறு முகத்தோடு வரும். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையம் 2015-இல் வெளியிட்ட டாலி என்ற டிஸ்லெக்சியா மதிப்பீட்டுக் கருவி இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் முதலில் வந்தது. இந்திய மொழிகளுக்கு அவற்றின் எழுத்து முறையிலிருந்தே கருவி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. பெங்களூருவின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004-இல் 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்காக உருவாக்கிய நரம்பு உளவியல் தொகுதியும் இந்தியக் குழந்தைகளோடு இந்தியக் குழந்தைகளை ஒப்பிடும் முயற்சி. தமிழ் பேசும் குழந்தைகளை, அதுவும் அரசுப் பள்ளியில் படிக்கும் முதல் தலைமுறைக் குழந்தைகளை, அவர்களைப் போன்ற பிள்ளைகளோடு ஒப்பிடும் அட்டவணைகள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும். பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகள் உடனே தொடங்கக்கூடிய வேலை இது என்றே நான் நினைக்கிறேன்.

சோதனை சொல்வதும் சொல்லாததும்

2015–16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இருந்த மாநிலம். அத்தனை பேருக்கும் இந்த நீண்ட சோதனை தேவையில்லை. மருத்துவர் பேசி, விசாரித்து, சிகிச்சை தொடங்கிச் சரியாகும் பிள்ளைகளே அதிகம். சிகிச்சை கொடுத்தும் படிப்பு மீளாதபோது, ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் பின்னிக்கிடக்கும்போது, வலிப்பு, தலைக்காயம், குறைமாதப் பிறப்பு போன்ற பின்னணி இருக்கும்போது, திடீரென்று ஒரு பிள்ளை முன்பு செய்ததைச் செய்ய முடியாமல் போகும்போது இது பயன்படும்.

கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறை, அதாவது ஏ.டி.எச்.டி.யை, உறுதிசெய்யும் சோதனை எதுவும் கிடையாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, வீடு பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிகிறதா, வாழ்க்கையைப் பாதிக்கிறதா என்று பெற்றோரையும் ஆசிரியரையும் விசாரித்துத்தான் முடிவு செய்கிறார்கள். கணினித் திரைச் சோதனை ஒன்றை இருபது நிமிடம் செய்துவிட்டு "ஏ.டி.எச்.டி. இல்லை" என்று சொல்வது தவறு. அமைதியான அறை, புதுப்புது விளையாட்டு, தன்னை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவர்: இப்படி ஒரு சூழலில் எந்தத் துறுதுறுப் பிள்ளையும் கொஞ்ச நேரம் ஒழுங்காக உட்காரும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பறை அப்படி இல்லை. சோதனை இங்கே செய்யக்கூடியது, இந்தக் குறிப்பிட்ட பிள்ளைக்குக் கவனத்தின் எந்தப் பகுதி பலவீனம், கூடவே கற்றல் குறைபாடும் இருக்கிறதா என்று காட்டுவது.

மனச்சோர்வு பெரும்பாலும் வேகத்தைத் தின்னும். பதற்றம் கடிகாரத்தைப் பார்த்துத் திணறும். நேரக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் அதே பிள்ளை சரியாகச் செய்வதைக் காணலாம். எழுதியதை அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழச் செய்யும் பிள்ளையின் குறைந்த வேகத்துக்கும், பென்சிலை வைத்துவிட்டு வெறித்துப் பார்க்கும் பிள்ளையின் குறைந்த வேகத்துக்கும் அட்டவணையில் ஒரே எண்தான். அருகில் இருந்து பார்த்தவர் எழுதும் நாலு வரிக் குறிப்புதான் இரண்டையும் பிரிக்கும். ரிப்போர்ட்டில் அந்தப் பகுதியை யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பேரிழப்பும் வன்முறையும் நினைவைத் தாக்கும் என்பதற்கான சான்று நம் மக்களிடமிருந்தே வந்திருக்கிறது. இலங்கையின் வடகிழக்கில் 420 தமிழ்ப் பள்ளி மாணவர்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், 92 சதவீதத்தினர் குண்டுவீச்சு, ஷெல்லடி, உறவினர் மரணம் போன்ற கொடும் அனுபவங்களைச் சந்தித்திருந்தார்கள். நால்வரில் ஒருவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடுக் கோளாறு இருந்தது. அதிர்ச்சி கூடக் கூட நினைவுச் சோதனை மதிப்பெண் குறைந்தது. அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையை மட்டும் பார்த்த ஒருவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார்? குடித்துவிட்டு வரும் அப்பாவுக்காக இரவெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளையும் காலையில் அதே நிலையில்தான் வகுப்புக்கு வருகிறது.

உடலையும் மறக்கக் கூடாது. சோதனைக்கு முன் கண், காது பார்த்தாக வேண்டும். மூக்கடைப்போடு குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளைக்குத் தூக்கம் துண்டு துண்டாகி, பகலில் அது கவனக்குறைவாக வெளிவரும். ரத்தசோகையும் தைராய்டும் கவனத்தைக் கெடுக்கும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு குழந்தை பத்து நொடி வெறித்துவிட்டு, எதுவும் நடக்காதது போலத் தொடர்ந்தால், அது பகற்கனவா, உடல் வெட்டாமல் வரும் கணநேர வலிப்பா என்று மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். நாளுக்குப் பல முறை வரும் இந்த வலிப்பை "ஜன்னல வேடிக்கை பார்க்கறான்" என்று வருடக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்த கதைகள் உண்டு. சாப்பிடும் மருந்துகளையும் சொல்ல வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் டோபிராமேட் சொல் தேடித் தடுமாற வைக்கும். ஃபீனோபார்பிட்டோன் சில குழந்தைகளை அமைதி இழக்கச் செய்யும்.

சான்றிதழ், ரிப்போர்ட், பிள்ளை

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 7-லிருந்து 21 ஆக்கியது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் கிடைக்கும். 2018-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் இந்தச் சான்றிதழை 8 வயதுக்கு மேல்தான் தரச் சொன்னது. வாசிப்பு நிலைபெறக் காலம் கொடுக்க வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் பயிற்சிக்கு 8 வயதுவரை காத்திருக்க எந்த நியாயமும் இல்லை. முதல் வகுப்பிலேயே எழுத்தும் ஒலியும் ஒட்டாத பிள்ளைக்கு அன்றே தொடங்க வேண்டும். சலுகைக்காக மட்டும் சோதனை செய்யும்போது இன்னொரு இழப்பு நேர்கிறது: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் முன்பு ஓடிவருகிறார்கள். கடும் மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையை அந்த அவசரத்தில் சோதித்தால் நோயைத்தான் அளக்கிறோம், பிள்ளையை அளக்கவில்லை.

சோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்று கேளுங்கள். பதிவு எண் ரிப்போர்ட்டில் இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் ஆகியவற்றில் விசாரிக்கலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

போகும்போது கேள்வியைத் தெளிவாகக் கொண்டுபோங்கள். "ஐக்யூ எவ்வளவு?" என்பதற்கு ஓர் எண் கிடைக்கும். "வீட்டில் படித்ததை ஏன் பள்ளியில் எழுத முடியவில்லை?" என்று கேட்டால், அதற்கேற்ற சோதனைகளை அவர் தேர்ந்தெடுப்பார். ரிப்போர்ட் வந்ததும் கடைசிப் பக்கத்தில் இருக்கும் பரிந்துரைகளை ஆசிரியரோடு உட்கார்ந்து படியுங்கள். "கவனம் செலுத்த ஊக்குவிக்கவும்" என்று இருந்தால் அது பரிந்துரையே இல்லை. "ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும்; வீட்டுப்பாடத்தைப் போர்டில் எழுதி, அவன் எழுதிவிட்டானா என்று பார்த்த பிறகு அழிக்கவும்" என்று இருக்க வேண்டும். அதே சோதனையை உடனே இன்னோர் இடத்தில் செய்யாதீர்கள்; கேள்விகள் பழகிவிட்டால் மதிப்பெண் பொய்யாக ஏறும். பொதுவாக ஓராண்டு இடைவெளி விடுவார்கள்.

இத்தனைக்கும் பிறகு, மூன்று நாள் வந்து உட்கார்ந்து கட்டை அடுக்கிய பிள்ளைக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. பெரியவர்கள் உள்ளே பேசுவார்கள். பிள்ளை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தான் ஃபெயில் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும். அதையும் உள்ளே கூப்பிட்டு, அதன் வயதுக்கேற்ற தமிழில் சொல்ல வேண்டும். நாம் பார்த்த அந்த நான்காவது பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாம்: "நீ படிச்சதெல்லாம் உள்ள பத்திரமா இருக்குப்பா, நான் பார்த்தேன். கலந்து கேட்டப்ப பதினாலு சொன்ன, ஞாபகம் இருக்கா? மனசு பாரமா இருக்கறப்ப அதைத் தேடி எடுக்கறது கஷ்டமா இருக்கு, அவ்வளவுதான். பாரத்துக்கு டாக்டர் மருந்தும் பேச்சும் பார்த்துக்குவாங்க. அது வரைக்கும் உங்க மிஸ் கேள்வியோட ஒரு சின்னக் குறிப்பும் தருவாங்க. அதைப் புடிச்சுக்கிட்டு எடுத்துப் பாரு. எது வந்துச்சு, எது வரலைன்னு அடுத்த மாசம் வந்து எங்கிட்ட சொல்லு."